இன்னும் காயாத தூக்கம்

புழுதிக்குண்டு ஊரில் யாரும் யோசிக்காமல் ஒரு காரியம் செய்ய மாட்டார்கள். கெட்டுப்போவதெல்லாம் யோசித்த பிறகுதான்.

அந்த ஊருக்குத்தான் ஒய்யம்மா வாக்கப்பட்டு வந்தாள். கைக்குழந்தையும் ஆயிற்று. குழந்தை தங்கம், தொட்டிலில் போட்டால் தூங்கிவிடும். தூங்காதது அவள் புருஷன் ராக்கப்பன்தான். தூங்காதவன் சும்மா கிடப்பானா? விடியவிடிய அவளை உலுக்குவான்.

"ஏ புள்ள, தூங்கிட்டியா?"

"தூங்கிட்டேங்க."

"சரி, தூங்கு."

இப்படியே போய் ஒய்யம்மாவுக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. குழந்தைக்குச் சாந்துப்பொட்டு வைக்கப்போய் அடுப்புக்கு வைத்தாள். ஒரு பொழுதாவது கண்ணை மூடிவிட வேண்டும், அவளுக்கு வேறு ஆசை இல்லை. வைத்தியர் சங்கிலியிடம் போய்ச் சொன்னாள்.

"உங்க கொல்லையில மருதாணி பூத்திருக்குல்ல?" என்றார் வைத்தியர். "பூவைப் பறிச்சு மூணு தண்ணி விட்டுக் கழுவு. வெயில் படாம நிழல்ல காயப் போடு. மொறுமொறுன்னு ஆனதும் தலகாணிக்குள்ள வச்சுத் தச்சிரு. அதுல உன் புருஷன் தலை வச்சான்னா தூக்கம் தானா வரும்."

ராக்கப்பனின் தம்பிமார் மூக்கனும் சடையனும் ஓடிப்போய்க் கூடை நிறையப் பூவைப் பறித்து வந்தார்கள். கிணற்றுத் தண்ணீரில் ஒரு தரம் கழுவினார்கள். கண்மாய்த் தண்ணீரில் ஒரு தரம் கழுவினார்கள். அதோடு ஊரில் தண்ணீர் வகை தீர்ந்துவிட்டது.

"மூணாவது தண்ணிக்கு எங்க போறது?" என்றான் மூக்கன்.

சடையன் வெகுநேரம் யோசித்தான். "மதினி வைக்கிற ரசம் இருக்கே!"

"அது ரசம்டா."

"நீ குடிச்சிருக்கேல்ல? நெஞ்சுல கைய வச்சுச் சொல்லு, அது தண்ணியா இல்லையா?"

மூக்கன் நெஞ்சில் கையை வைத்தான். பூவை ரசத்தில் அலசி எடுத்தார்கள். தன் ரசம் மருந்துக்கு ஆகிறதே என்று ஒய்யம்மாவுக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

பிறகு வேப்பமர நிழலில் பாயை விரித்துப் பூவைப் பரப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் நிழல் நகர்ந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

"நம்ம மரம். நாம தண்ணி ஊத்தி வளத்தோம். நிழலு பாரு, அவன் வீட்டுல போய் உக்காந்திருக்கு," என்று மூக்கன் வயிறெரிந்தான். "இனிமே அதை நம்பக் கூடாது. அண்ணே, உன் நிழலுன்னா நீ சொன்னபடி கேக்கும்."

ராக்கப்பன் வெயிலில் போய் நின்றான். அவன் நிழல் விழுந்த இடத்தில் பூவைப் பரப்பினார்கள். உச்சிப்பொழுது ஆக ஆக நிழல் சுருங்கி அவன் காலடிக்குள் வந்துவிட்டது.

"ஐயய்யோ, அண்ணன் நிழல் இளைச்சுப்போச்சு!" என்றான் சடையன்.

"காலையில இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படாம நிக்கிறாரு. நிழலு என்ன செய்யும் பாவம்," என்று ஒய்யம்மா உள்ளே ஓடி, ஒரு சட்டி கம்பங்கூழ் கொண்டுவந்தாள். ராக்கப்பன் அவ்வளவையும் குடித்தான். பொழுது சாயச் சாய நிழல் நீளத் தொடங்கியது.

"பாத்தியா, கூழு பிடிச்சிருச்சு," என்று மூவரும் சந்தோஷப்பட்டார்கள்.

வயிறு நிறையக் கூழ், நாளெல்லாம் வெயில். ராக்கப்பன் நின்றபடியே ஆடினான். அப்புறம் பூவுக்குப் பக்கத்திலேயே சாய்ந்து விழுந்து குறட்டை விட்டான்.

மூக்கன் பூவை எடுத்துக் கசக்கிப் பார்த்தான். ஈரம் போகவில்லை. அவன் முகம் மாறிவிட்டது.

"பூ காயல. தலகாணி தைக்கல. அப்புறம் இந்தத் தூக்கம் எப்படி வந்துச்சு?"

"வேற யாரு தூக்கமோ வழிதவறி வந்திருக்கு," என்றான் சடையன். "நம்மது இன்னும் காயலையே."

"அடுத்தவன் தூக்கத்தை நாம வச்சுக்கிறதா? யாருதுன்னு கேட்டுக் குடுத்திரணும்."

ஒய்யம்மா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "கல்யாணத்துக்கு முந்தி எங்கிட்ட இப்படி ஒண்ணு இருந்துச்சு."

"அடையாளம் சொல்லுங்க மதினி."

"வாய் திறந்திருக்கும். கொஞ்சம் எச்சில் வடியும்."

இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். வாய் திறந்திருந்தது. எச்சில் வடிந்தது.

"மதினியோடதுதான்!"

ஒரு குடம் தண்ணீரை ஊற்றி ராக்கப்பனை எழுப்பினார்கள். விஷயத்தைக் கேட்டு அவன் வெட்கப்பட்டுப்போனான். "தெரியாம எடுத்துட்டேன் புள்ள. இந்தா, தூங்கிக்க," என்று பழையபடி நிழலுக்கு நின்றான்.

ஒய்யம்மா தொட்டிலுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்தாள். சாய்த்ததுதான் தெரியும், தூங்கிவிட்டாள்.

ராக்கப்பனுக்கு மனசு கேட்கவில்லை. வந்து உலுக்கினான்.

"ஏ புள்ள, உன் தூக்கந்தானா? நல்லாப் பாத்தியா?"

"கண்ணை மூடியிருந்தேங்க. பாக்கலையே!"

"அதானே," என்றான் மூக்கன். "கண்ணை மூடிக்கிட்டா எப்படி அடையாளம் தெரியும்? திறந்துக்கிட்டுத் தூங்குங்க மதினி."

ஒய்யம்மா கண்ணை அகலத் திறந்துகொண்டு படுத்தாள்.

அப்போதுதான் ராக்கப்பன் தொட்டிலுக்குள் பார்த்தான். பார்த்தவனுக்குத் திக்கென்றது.

"டேய், இதுவும் கண்ணை மூடிக்கிட்டுத்தான்டா தூங்குது. யாரு தூக்கமோ என்னமோ," என்று பதறிப்போய்க் குழந்தையை எழுப்பினான்.