கோழி தாமதமாகத் தாவியது

குருவுக்கு வயது முப்பது, சீடருக்கு ஐம்பத்தெட்டு. குரு ஜெசிந்தா மதுரையில் விளையாட்டு மெஷின்கள் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள். சீடர் அழகுமலை, நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு அவளிடம் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்பவர். அவளைக் குருவம்மா என்றுதான் கூப்பிடுவார்.

அன்று காலை கடை திறந்ததும், காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போல வந்து நின்றார். கையில் கம்ப்யூட்டர் பெட்டி.

“உட்காருங்கண்ணே.”

“உட்கார நேரமில்ல குருவம்மா. தவமணி இனிமே விளையாடவே மாட்டேங்குறா.”

தவமணி அவர் மனைவி. பக்கவாதம் வந்து வலது கை விழுந்து நாலு மாதம் ஆகிறது. விரல்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள், விட்டால் மீட்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகன் சின்னவனாக இருந்தபோது வாங்கிய ஒரு விளையாட்டு அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். பட்டனை அமுக்கினால் ஒரு கோழி பள்ளத்தைத் தாண்டும், அவ்வளவுதான். அந்தப் பழைய மெஷின் எப்போதோ புகைந்து போயிற்று. பழைய மெஷின் மாதிரி வேஷம் போடும் எமுலேட்டர் என்ற மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தந்தது ஜெசிந்தாதான்.

“ஏன் மாட்டேங்குறாங்க?”

“அமுக்குன பிறகு கோழி லேட்டா தாவுது. பள்ளத்துல விழுந்துருது. என் கை செத்துப்போச்சு, டப்பாவை மூடுங்கன்னுட்டா.”

ஜெசிந்தா பெட்டியை டிவியில் மாட்டி, செட்டிங்கைத் திறந்து பார்த்தாள்.

“இதை யாரு மாத்துனது?”

“நான்தான். முதல்ல கொஞ்சம் திக்குச்சு. மல்டித்ரெட்டிங்னு ஒண்ணு இருந்துச்சு. வேலையைப் பல பேருக்குப் பிரிச்சுக் கொடுக்குறதாமே? எட்டு வச்சேன். படம் வரையத் தனி ஆளுன்னு போட்டிருந்துச்சு, அதையும் போட்டு விட்டேன். மில்லுல வேலை தேங்குனா ஆளைக் கூட்டுறதுதானே வழக்கம்!”

“இந்தக் கம்ப்யூட்டருக்கு இருக்கறது ரெண்டே கோர்ண்ணே. ரெண்டு கை மாதிரி.”

“ஆனா மூலையில பாரு, நொடிக்கு எத்தனை படம் ஓடுதுங்கிற நம்பர் அறுபதுன்னு காட்டுது. முன்னால அம்பத்தேழுதான்.”

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அவள் சொல்லவில்லை. மேஜையில் திறந்து கிடந்த ஒரு மெஷினையும் ஸ்க்ரூ டிரைவரையும் அவரிடம் தள்ளினாள்.

“அந்த ஸ்க்ரூவை முடுக்குங்க.”

அழகுமலை முடுக்க ஆரம்பித்தார். அவளும் கையை நீட்டி அதே டிரைவரைப் பிடித்துத் திருகினாள். டிரைவர் வழுக்கி, ஸ்க்ரூ தரையில் உருண்டது.

“ஏம்மா குறுக்க வர்ற?”

“ஆளைக் கூட்டுனேன்.”

அவர் குனிந்து ஸ்க்ரூவைத் தேடினார். நிமிர்வதற்குள் அவள் எட்டை இரண்டாக்கி, படம் வரையும் தனி ஆளையும் நீக்கிவிட்டாள்.

“அய்யய்யோ, அம்பத்தெட்டுக்கு எறங்கிருச்சே!”

“நம்பரைப் பார்க்காதீங்க. அமுக்கிப் பாருங்க.”

அமுக்கினார். அமுக்கிய நொடியில் கோழி தாவியது.

“அக்காவைக் கூட்டிட்டு வாங்க.”

“வெளிய ஆட்டோவுலதான் இருக்கா. வர மாட்டேன்னு ஒரே அழுகை.”

எப்படியோ கூட்டி வந்தார். தவமணி நாற்காலியில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டாள். கோழி ஓடியது. பள்ளம் வந்தது. அவள் கட்டைவிரல் மெல்ல எழும்பியது. அதற்குள் அழகுமலையின் விரல் பாய்ந்து அவள் விரலின் மேல் அமுக்கியது. கோழி தாண்டிவிட்டது.

“பாத்தியா தவமணி! தாவிருச்சு!”

அடுத்த பள்ளம் வந்தது. மறுபடியும் அவர் கை நீண்டது. ஜெசிந்தா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கோழி விழுந்தது.

“என்ன குருவம்மா, விழுந்துருச்சே?”

“விழட்டும்ணே.”

அடுத்ததிலும் விழுந்தது. அதற்கடுத்ததிலும் விழுந்தது. அழகுமலைக்கு இருப்புக்கொள்ளவில்லை, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். ஜெசிந்தா பிடியை விடவில்லை. ஐந்தாவது பள்ளத்தில் தவமணியின் விரல் தானாக அமுங்கியது. கோழி தாண்டியது.

“நான்தாங்க அமுக்குனேன்,” என்றாள் தவமணி. நாலு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்தாள். அழகுமலை கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.

“வீட்டுக்குப் போயி வேற எதையெல்லாம் மாத்தணும்? சொல்லு, எழுதிக்கிறேன்.”

ஜெசிந்தா தவமணி பக்கம் திரும்பினாள்.

“அக்கா, வீட்ல சோறு யாரு பிசையிறது?”

“அவருதாம்மா. பிசைஞ்சு ஊட்டியும் விட்டுருவாரு. தலை வாரி விடறதும் அவருதான். ஒரு வேலை செய்ய விடமாட்டாரு, தங்கமான மனுசன்.”

அழகுமலைக்குப் பெருமையாக இருந்தது.

“மத்தியானம் அக்கா முன்னால தட்டை வச்சதும் நீங்க இங்க வந்துருங்கண்ணே,” என்றாள் ஜெசிந்தா. “அவங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் உங்களுக்கு இங்க வேலை இருக்கு.”

“நான் இல்லாமலா? பாதிச் சோறு சேலையிலதான் கிடக்கும் குருவம்மா!”

“சோறு சிந்துனா துடைச்சுக்கலாம்ணே. கை மறந்து போச்சுன்னா என்ன செய்வீங்க?”