ஈரத் துண்டு

இமாகுலேட் டீச்சரை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஜவ்வாது மலையில், ஒரு சித்திரை நடுப்பகலில்.

எனக்குப் பறவை பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். வயதில் என்னைவிட இரண்டு மாதம் சின்னவர். அதை அடிக்கடி சொல்லிக் காட்டுவார்.

சாமை அறுத்த தரிசில் ஓர் ஆட்காட்டி நாலு முட்டை இட்டிருந்தது. கூடு என்று ஒன்றும் கிடையாது. வெறும் சரளை மேல் முட்டை.

நான் கொஞ்சம் தள்ளி, பழுப்புப் போர்வையைப் போர்த்திக்கொண்டு கேமராவோடு படுத்திருந்தேன்.

புங்கமரத்து நிழலிலிருந்து டீச்சர் வந்தார்.

"கிடைச்சுதா சார்?"

"எங்கே! குட்டைக்குப் போய் வயித்தை நனைச்சுக்கிட்டு வருது. அந்த ஈரத்தோட உக்காந்தாத்தானே முட்டை வேகாம இருக்கும்? உக்கார மாட்டேங்குது. அதோ, அங்கயே நிக்குது. ஈரம் காஞ்சதும் மறுபடி குட்டைக்கு ஓடுது."

"ஏனாம்?"

"பிடிவாதம். ஈர வயித்தோட அது உக்கார்ற ஒரே ஒரு படம் போதும் எனக்கு. என்ன பண்ணட்டும், சொல்லுங்க டீச்சர்."

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டு குட்டைப் பக்கம் போனார்.

திரும்பி வரும்போது துண்டில் தண்ணீர் சொட்டியது.

எனக்குப் பிடரி எரிந்துகொண்டிருந்தது. கையை நீட்டினேன்.

அவர் தூரத்திலேயே நின்றுவிட்டார்.

"குடுங்க டீச்சர்."

"குடுக்கத்தான் கொண்டு வந்தேன்."

"அப்ப கிட்ட வாங்களேன்."

"பயமா இருக்கு."

"யாரைப் பார்த்து?"

"போர்வைக்குள்ள என்னமோ இருக்கு. இருமுது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டடி வந்தார். பின்வாங்கினார். கால் மாற்றி நின்றார்.

"விளையாடாதீங்க டீச்சர். வெயில் கொளுத்துது. துண்டு காயுது பாருங்க."

"ஆமா, காயுது."

அவருக்கும் அப்பால், எட்டத்தில், ஆட்காட்டி கால் மாற்றி நின்றது.

நான் போர்வையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன்.

புங்கமரம் வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். அங்கே போய்ப் பார்த்தபோது பறவை வயிற்று இறகைப் பரப்பி முட்டை மேல் உட்கார்ந்திருந்தது. என் லென்ஸ் அவ்வளவு தூரம் எட்டாது.

பின்னாலேயே வந்த டீச்சர் துண்டை நீட்டினார்.

"காஞ்சே போச்சே!"

"குட்டை அங்கதான் இருக்கு சார். உங்க வீட்ல உங்களைக் கேக்க ஆளில்லேன்னா எல்லாத்தையும் நானே பண்ணணுமா?"

அடுத்த வாரம் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார்.

வைகாசியில் நான் மட்டும் மலையேறினேன். தரிசில் நாலு குஞ்சுகள் ஓடிக்கொண்டிருந்தன.