பரிகாரம் செய்யப்பட்ட ஆமை

"அம்மா, வீட்டுக்குள்ள ஆமை வந்துட்டா அதுக்கு என்ன பரிகாரம்?"

பூதலிங்கம் செருப்பைக்கூடக் கழற்றாமல் மடத்துக்குள் நுழைந்து கேட்டார். கையில் ஒரு கோணிப்பை. அதற்குள் ஏதோ கனமாக அசைந்தது.

உலகம்மா அவருக்குக் குரு. வயதில் அவரைவிட ரொம்பச் சின்னவர். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், முதலில் உட்காரச் சொன்னார்.

பூதலிங்கமா உட்காருவார்! பயம் வந்துவிட்டால் மனுஷனுக்கு வாய் ஓயாது. நின்றபடியே கொட்டித் தீர்த்தார்.

மகள் பகவதி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். மாதம் நிறைந்துவிட்டது. இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறது. விடிந்ததும் பார்த்தால், அவள் படுத்திருக்கிற அறை வாசலில் இந்த ஆமை. தூக்கினால் வேட்டியெல்லாம் மூத்திரம் பெய்துவிட்டது. அது வேறு என்ன சகுனமோ, யாருக்குத் தெரியும்?

தெருவில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்களாம். அவர் ஒன்றையும் விடவில்லை. மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டினார். ஓடு முழுக்கக் குங்குமம் அப்பினார். காலில் கறுப்புக் கயிறு கட்டி, வீட்டைச் சுற்றித் தூக்கிக்கொண்டு நடந்தார். முதுகில் கற்பூரமும் ஏற்றியாயிற்று.

"குளத்தில விடுறது ஒண்ணுதான் பாக்கி. உங்க கண்ணு முன்னால விட்டுட்டா எனக்கு நிம்மதி."

பதில் வரட்டும் என்று நின்றால்தானே? மடத்துக்கு எதிரேதான் குளம். விறுவிறுவென்று படியிறங்கிக் கோணியைத் தண்ணீரில் கவிழ்த்தார்.

ஆமை நீந்தவில்லை. கட்டைக் கால்களை உதைத்தது. ஒரு பக்கமாகச் சரிந்தது. முங்கிப்போனது.

பூதலிங்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

உலகம்மா அதற்குள் சேலையோடு குளத்தில் இறங்கியிருந்தார். துழாவி எடுத்துத் தலைப்பக்கத்தைக் கீழே சாய்த்துப் பிடித்தார். தண்ணீர் வடிந்தது.

"இது கரட்டு ஆமை, அண்ணாச்சி. தரையில திரியிறது. இதுக்கு நீந்த வராது."

பூதலிங்கத்தைப் படியில் உட்காரவைத்து, அதை அவர் மடியில் வைத்தார். அடியில் கையைக் கொடுத்துப் பிடிக்கணும், இறுக்கக் கூடாது என்று சொன்னார்.

தலையும் இல்லை, காலும் இல்லை. எல்லாம் ஓட்டுக்குள் போய்விட்டன. செத்துவிட்டதா, இருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. வீட்டில் பிள்ளைத்தாச்சியை வைத்துக்கொண்டு ஒரு உயிரைக் கொன்றுவிட்டோமே என்று பூதலிங்கத்துக்கு அழுகை முட்டியது. ஆமையைப் பார்ப்பார், குருவைப் பார்ப்பார். குரு சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

வெயில் ஏறியது.

மூக்கு நுனி வெளியே வந்தது. மஞ்சள் பட்டுச் சிவந்துபோன கண் ஒன்று பாதி திறந்தது.

பூதலிங்கத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கூடவே பழைய பயமும் வந்துவிட்டது.

"இனி இதை எங்கம்மா விட?"

"வந்த இடத்துல."

"அது எங்க கொல்லைக்குப் பின்னால இருக்கிற பாறைக் கரடும்மா."

"அப்ப அங்கதான்."

"திரும்ப வீட்டுக்குள்ள வந்துட்டா?"

"வரலாம்."

அவர் முகம் வெளிறிவிட்டது. வேறு ஊர்க் கரட்டில் விட்டால் ஆகாதா, பஸ் ஏறிப்போய் விட்டுவிட்டு வருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தார். அதன் மேய்ச்சலும் பொந்தும் இங்கே இருக்க, அங்கே போய் அது என்ன செய்யும் என்று கேட்டார் உலகம்மா.  ஆனாலும் பூதலிங்கம் எழுந்திருக்கவில்லை.

உலகம்மா அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"காலையில இது உங்க வீட்டுக்குள்ள வந்துச்சு. அதுல இருந்து இந்த நிமிஷம் வரைக்கும் யாருக்குக் கெட்டது நடந்துச்சு, அண்ணாச்சி?"

பூதலிங்கம் யோசித்தார். பகவதி காலையில் தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தாயும் மகளும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கும் ஒரு குறையும் இல்லை.

மடியில் ஆமை இருமுவதுபோல் கழுத்தை நீட்டித் தண்ணீரைக் கக்கியது.

"இதுக்குத்தாம்மா" என்றார்.

அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.