இந்தக் கரையில் இறங்கலாமா?

ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால், மேற்கே போனால் இந்தியா வந்துவிடும் என்று நம்பிப் புறப்பட்ட போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று, இன்று நாம் வட அமெரிக்கா என்கிறோமே, அந்தக் கரையில் போய் நின்றது. புதுக் கரையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று எல்லோரும் குதித்தார்கள். கரையில் ஏற்கெனவே மனிதர்கள் நின்று இவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கப்பலுக்கு வழி சொல்லும் மீகாமன் எஸ்தேவான், பார்த்ததையெல்லாம் ஒரு நூலில் எழுதி வைப்பார். எங்கே பாறை, எங்கே நல்ல தண்ணீர், எங்கே இறங்கலாம். பின்னால் வருகிற கப்பல்கள் அந்த நூலை நம்பித்தான் வரும். இந்த முறை எழுதும் வேலையைத் தன் சீடன் துவார்த்தேவிடம் கொடுத்திருந்தார். துவார்த்தேவுக்கு அதில் சொந்த அக்கறையும் உண்டு. அடுத்த வசந்தத்தில் வரப்போகும் கப்பலில் அவன் தம்பி சிமாவோ இருந்தான்.

கப்பல் கரையை விட்டுக் கிளம்பிய மறுநாள் காலை, துவார்த்தே எழுதியதைப் படித்துக் காட்டினான்.

"குடாவின் வாயில் மணல்திட்டு. வடக்கே ஒதுங்கி வரவும். ஓடையில் நல்ல தண்ணீர். மக்கள் நல்லவர்கள். பயமில்லாமல் இறங்கலாம்."

"கடைசி இரண்டையும் அடித்துவிடு," என்றார் எஸ்தேவான்.

"ஏன் ஐயா? படகு கவிழ்ந்து நான் விறைத்துக் கிடந்தபோது, தூக்கிக்கொண்டு போய் நெருப்பு மூட்டி உயிர் கொடுத்தது அவர்கள்தானே! சொந்தச் சனம்கூட அப்படிச் செய்யாது."

"தெரியும். அடி."

"உண்மையை எழுது, அதை நம்பி உயிர்கள் வரும் என்று சொன்னதே நீங்கள்தான்."

எஸ்தேவான் எழுந்து போய்ச் சரக்கறையின் மூடியைத் தூக்கினார்.

கீழே இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் கட்டுண்டு கிடந்தார்கள். பொன் கிடைக்கவில்லை, மிளகு கிடைக்கவில்லை. வெறுங்கையோடு போனால் ராஜா சும்மா விடுவாரா? ஆளையாவது பிடித்துக்கொண்டு போவோம் என்று கிளம்புவதற்கு முன் கப்பல் தலைவன் முடிவு கட்டினான். துவார்த்தேவைக் கண்டால்தான் அவர்கள் பயப்படாமல் வருவார்கள் என்று படகின் முன்னால் அவனையே உட்காரவைத்தான். துவார்த்தே கையசைத்தான். அவர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். சுட்ட மீன் வேறு கொண்டுவந்தார்கள்.

இப்போது அந்தப் பெண் அண்ணாந்து அவனைப் பார்த்தாள். நெருப்போரத்தில் அவன் கால்களைத் தேய்த்துச் சூடேற்றியவள் அவள்தான். துவார்த்தே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மூடிவிடுங்கள் ஐயா. தலைவர் சொன்னார். நான் என்ன செய்ய முடியும்?"

"யார் சொன்னது, யார் செய்தது என்றெல்லாம் எழுத நம் நூலில் இடமில்லை," என்று எஸ்தேவான் மூடியைச் சாத்தினார். பிறகு இறகுப் பேனாவை மையில் தோய்த்து அவனிடம் நீட்டினார்.

"எழுது. இங்குள்ளவர்கள் பொல்லாதவர்கள். கப்பலைக் கண்டால் கொல்ல வருவார்கள். யாரும் இறங்க வேண்டாம்."

துவார்த்தே பேனாவை வாங்கவில்லை.

"பொய் ஐயா! பச்சைப் பொய்!"

"உன் தம்பி வந்து சேரும்போது உண்மையாக இருக்கும்."