மேனேஜருக்கு வந்த டீ

கோத்தகிரி எஸ்டேட் மேனேஜர் கனகசபைக்கு ஒரே பிடிவாதம்: ஜீப் இன்ஜின் சூடேறவே கூடாது. தண்ணீர் சூடாகும் முன்பே அதைக் குளிரவைக்கும் ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைப் பழையதற்குப் பதிலாக மாட்டவைத்தார். மார்கழி வந்தது, ஜீப் ஹீட்டரில் குளிர்காற்றுதான் அடித்தது. ஒரு நாள் காலை, ஒரு பெண் தொழிலாளியையும் அவள் பச்சைக்குழந்தையையும் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவர வேண்டும்.

“ஹீட்டரைக் கெடுத்தவன் நீதான். தெர்மோஸ்டாட்டைத் தொடாமல் சரிபண்ணு. இல்லாவிட்டால் உனக்கு வேலை கிடையாது” என்றார் மேனேஜர்.

“சரிங்க ஐயா” என்ற டிரைவர் போஜன், முதலில் டீ கொண்டுவந்தான்.

ஒரு வாய் குடித்த மேனேஜர் முகம் சுளித்தார். “சூடே இல்லையேடா!”

“தண்ணி லேசாச் சுட்டதுமே இறக்கிட்டேங்க. சூடேறக் கூடாதுன்னு உத்தரவாச்சே.”

“அது இன்ஜினுக்கு!”

“அந்தத் தண்ணிதானுங்க ஹீட்டருக்கும் போகுது.”

மேனேஜர் டீயை வைத்துவிட்டு மேஜை டிராயரைத் திறந்தார். பழைய தெர்மோஸ்டாட்டை எடுத்து நீட்டினார்.

“மாட்டிட்டு வர்றேங்க” என்றான் போஜன். “அடுப்புல தண்ணி வச்சிருக்கேன். இந்தத் தடவை கொதிக்கட்டும்.”