முக்கால்வாசி வருகை

பேராசிரியர் தணிகாசலம் சட்டக் கல்லூரியை விட்டுச் செங்கொடி பிடித்து எம்எல்ஏ ஆகியும் வாத்தியார் புத்தி மட்டும் அவரை விடவில்லை. அடுத்த வேட்பாளர் யார் என்று பேசுவதற்காகக் கூடிய கட்சிக் கிளைக் கூட்டத்தில் பெண்கள் தெருவுக்கு இன்னும் வராத குடிதண்ணீர்க் குழாயைப் பற்றிக் கேட்டார்கள். "முக்கால்வாசிக் கூட்டத்துக்காவது வராதவங்க வாய் திறக்கக் கூடாது" என்றார் அவர்.

பீடி சுற்றும் பேச்சித்தாய் வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். "பன்னிரண்டு கூட்டத்துல ரெண்டுக்கு மட்டும் வந்தவரை என்ன செய்ய, தோழர்?"

"வெளியே அனுப்புங்க. காலேஜா இருந்தா பரீட்சையே எழுத விடமாட்டேன்."

அவள் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினாள். அதில் இருந்தது அவர் பெயர். பேராசிரியர் எழுந்து செருப்பைத் தேடினார்.

"உக்காருங்க தோழர். டாக்டர் சர்டிபிகேட் கொண்டாந்தா காலேஜுல மன்னிச்சிருவீங்களாமே" என்றாள் பேச்சித்தாய். "நீங்க சர்டிபிகேட்டுக்குப் பதிலா அந்தக் குழாயைக் கொண்டாங்க. உங்க பேரை நானே முன்மொழியுறேன்."