மூங்கிலில் வரும் தண்ணீர்

"ஒருத்தன் தண்ணீர் குடிக்காமலே போய்விட்டான், அம்மா" என்று சிதம்பரதாணு வந்து முறையிட்டார்.

அம்மை மடத்து முற்றத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். தாணுவுக்கு அவள் குருதான், ஆனால் சீடரைவிடப் பதினைந்து வயது இளையவள்.

"தாகம் இல்லையோ என்னவோ."

"உதடு வெடித்திருந்தது."

"பிறகு ஏன்?"

தாணு விவரம் சொன்னார்.

சித்திரை முழுவதும் பாதையோரத்துத் தண்ணீர்ப் பந்தல் அவர் பொறுப்பு. ஊர்க்காரர்களுக்கு வெண்கலத் தம்ளர். சேரியிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு முழ மூங்கில். அவர் பந்தலுக்குள் நின்று ஒரு முனையில் ஊற்றுவார். அவர்கள் வெளியே மறுமுனையில் கையேந்திக் குடிப்பார்கள். மடம் வருவதற்கு முன்பிருந்தே உள்ள வழக்கம்.

இன்று வந்தவன் மூங்கிலைப் பார்த்தான். தம்ளரைப் பார்த்தான். ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்துவிட்டான். பண்ணையார் வீட்டு இழவை மூன்று ஊருக்குச் சொல்லிவிட்டுத் திரும்புகிறவனாம்.

"நான் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. எல்லோருக்கும் ஒரே பானைத் தண்ணீர். இதில் என்ன குறை கண்டான்?"

அம்மை நெல்லிலிருந்து கையை எடுத்தாள்.

"வழியில் அடுத்த தண்ணீர் எங்கே இருக்கிறது?"

"ஓடையில்."

"ஓடை வற்றி ஒரு மாதம் ஆகிறது, அண்ணாச்சி."

எழுந்து பந்தலுக்குப் போனாள். ஒரு குடத்தை நிறைத்து இடுப்பில் வைத்தாள்.

குடத்தைத் தான் சுமப்பதாகத் தாணு சொன்னார்.

"நீங்கள் அந்தத் தம்ளரைச் சுமந்தால் போதும்" என்றாள்.

இரண்டு மைல் தள்ளி, வறண்ட ஓடைக் கரையில், ஓர் உடை முள்மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் அந்த மனிதர். பெயர் கேட்டாள் அம்மை. மாடக்கண்ணு என்று சொல்வதற்குள் அவருக்கு நாக்கு இரண்டு முறை ஒட்டிக்கொண்டது.

அம்மை குடத்தைச் சாய்த்து நிறைக்க, தாணு தம்ளரை நீட்டினார். மாடக்கண்ணு வாங்கவில்லை.

"இத நான் குடிச்சிருவேன், சாமி. நாளைக்கு இதே வழியா என் தங்கச்சி வருவா, ஏழு மாச வயித்தோட. அவளுக்கு எதுல ஊத்துவீங்க?"

"இதிலேதான் கொடுப்பேன். போதுமா?"

மாடக்கண்ணு சிரித்தார். வெடித்த உதட்டோடு சிரிப்பது அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"இங்க ஆள் இல்ல. சொல்லிருவீங்க. நாலு பேரு நிக்கும்போது?"

தாணு அம்மையைப் பார்த்தார். அம்மை குடத்தை இறக்கி வைத்துவிட்டு மாடக்கண்ணுவைக் கும்பிட்டாள்.

"பதினோரு வருஷமாக அந்த மூங்கிலைத் தாண்டித்தான் போய் வருகிறேன். இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை."

அப்படியே வெயிலில் உட்கார்ந்துவிட்டாள்.

குடிக்காவிட்டால் உயிர் போய்விடும் என்று தாணு கெஞ்சினார். சாக வேண்டும் என்று தனக்கு ஆசை இல்லை, கேட்டதற்குப் பதில்தான் வேண்டும் என்றார் மாடக்கண்ணு.

அப்போது பின்னால் ஒரு வில்வண்டி வந்து நின்றது. உள்ளே நாலு பேர். மாடக்கண்ணு காலையில் போய்ச் சொன்ன இழவுக்குப் போகிறவர்கள். முன்னால் இருந்தவர் குலசேகரம். மடத்துக்கு வருஷா வருஷம் நெல் கொடுக்கிறவர்.

"என்ன தாணு, பந்தலுக்குக் கால் முளைச்சிருச்சா?"

வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு குலசேகரம் தம்ளரைக் கவனித்தார். அது யார் முன்னால் நீண்டிருக்கிறது என்பதையும் கவனித்தார்.

"அவனுக்கா? சரி சரி, அவசரம்போல. அண்ணாந்து குடிக்கச் சொல்லும். அப்புறம் நெருப்புல காட்டி எடுத்துரும்."

தாணு தம்ளரை இன்னும் முன்னால் நீட்டினார். தண்ணீர் கொஞ்சம் சிந்தியது.

"குடிங்க, தம்பி" என்றார்.

மாடக்கண்ணு அவர் கண்ணையே பார்த்தார். தம்ளரை வாங்கினார். வாய் வைத்து முழுவதும் குடித்தார். குடித்துவிட்டு, பழக்கத்தில், அதைத் தரையில் வைக்கப் போனார்.

தாணு குனிந்து அவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டார்.

கழுவவில்லை. குடத்தைச் சாய்த்து மறுபடி நிறைத்தார். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவும் இல்லை. விளிம்பில் வாய் வைத்தார். நாலு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, நிதானமாக, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

குலசேகரம் வண்டியை ஓட்டச் சொன்னார்.

மாடக்கண்ணு எழுந்தார். துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார்.

"தங்கச்சி பேரு காத்தாயி" என்றார். "வெயில் ஏறுறதுக்குள்ள வந்துருவா."